துணிக்குப் பின்னால் ஆளா, பொட்டியா?

மாப்ள,

இன்று காலை கடையில் ஒரு சென்டர் ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். தெர்மோகோல், பசை, புதுப் பலகை மூன்றும் கலந்த அந்த வாடை வந்தது. இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட வாடை. நீயும் ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் மூக்கை விட்டு இழுத்துவிட்டு, "பந்தியில மொத எலை போட்ட மாதிரி இருக்குடா மச்சான்" என்பாய். இன்றைக்கு அது மூக்கில் ஏறியதும் கையை எடுத்துவிட்டேன். பிரித்த பெட்டியை மூடி வைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பீக்கரைப் பார்த்துப் பயப்படுகிற ஸ்பீக்கர் கடைக்காரன் இந்தச் சின்னமனூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பயத்துக்குக் காரணம் உனக்குப் பாதி தெரியும். மீதியை நீ போன பிறகுதான் நானே தெரிந்துகொண்டேன்.

வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்கிறவர்கள் முதலில் கேட்பது ஜன்னல் அதிர்கிற சத்தத்தைத்தான். ஒரு மாதம் கழித்துப் போன் வரும். "சண்டையெல்லாம் நல்லாக் கேக்குது, பேசுறதுதான் வெளங்கல." பேச்சு வருவது டிவிக்குக் கீழே படுத்துக் கிடக்கிற சென்டர் என்கிற அந்த ஒற்றைப் பெட்டியிலிருந்து. அதில் குறை இருந்தால் மற்ற நான்கு பெட்டி எவ்வளவு கத்தினாலும் பிரயோசனமில்லை. அதன் தரத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. ஏதாவது ஒரு படத்தைப் போட்டுக் காட்டுவேன். "நல்லா இருக்கு" என்பார்கள். எனக்கும் நல்லா இருப்பது போலத்தான் தோன்றும். ஒருநாள் கூட வந்திருந்த நீதான் கேட்டாய்.

"அந்த நடிகரு நேர்ல எப்பிடிப் பேசுவாருன்னு உனக்குத் தெரியுமாலே? அசலு தெரியாம நகலுக்கு எப்பிடி மார்க்குப் போடுவ?"

அதிலிருந்து பிறந்ததுதான் நம் துணிப் பரீட்சை. ராயப்பன்பட்டியில் உன் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில், கொடிப் பந்தலுக்குக் கீழே உன்னை நிற்க வைத்து மைக்கில் உன் குரலைப் பிடித்தேன். தலைக்கு மேல் இலை, காலுக்குக் கீழ் உழுத மண். எதிரொலி என்பது பேருக்குக்கூட இல்லை. என்ன பேசுவது என்று நீ யோசித்து, மாதாகோயிலில் வாசகம் வாசிக்கிற மிடுக்கோடு தொண்டையைச் செருமிவிட்டு, இதைச் சொன்னாய்:

"உத்தமபாளையம் போற பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்கிது. சீக்கிரம் வந்து சேருங்க, சீட்டு இருக்கு."

அவ்வளவுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் எல்லாம் இருந்தது. 'உத்தம' என்கிற இடத்தில் பெட்டி மிகையாக முழங்கினால் அதை டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் தள்ளி வைத்திருக்கிறோம் என்று பொருள். முன்விளிம்புக்கு இழுக்க வேண்டும். 'பஸ்ஸு ஸ்டாண்டுல' என்பதில் சீற்றம் காதைக் குத்தினாலும் குறை, மழுங்கினாலும் குறை. இரண்டு வரிக்கும் நடுவே நீ ஒரு தடவை எச்சில் விழுங்கியிருந்தாய். அதை வெட்டிவிடலாம் என்றேன். நீ விடவில்லை. "அது இருக்கட்டும். நல்ல பொட்டின்னா மனுசன் எச்சி முழுங்குறது கேக்கணும்."

அப்புறம் நாம் போகிற வீடெல்லாம் இதே கூத்துதான். டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைக் கட்டுவோம். நீ துணிக்குப் பின்னால் போய்ப் பெட்டியை ஒட்டிக் குத்தவைப்பாய். ஒரு தடவை நீ சொல்வாய், ஒரு தடவை பெட்டி சொல்லும். எதை முதலில் என்று யாருக்கும் சொல்ல மாட்டோம். வீட்டுக்காரர்கள் சோபாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். ஏனென்றால் நேர் நடுவில் நன்றாகப் பேசுகிற பெட்டி ஓரத்தில் இருப்பவருக்கு மூக்கடைத்துப் பேசும். "ஆளா, பொட்டியா?" என்று நான் கேட்பேன். அவர்கள் தடுமாறினால் பெட்டி பாஸ். போடியில் ஒரு வீட்டில் பெட்டி பேசி முடித்ததும் வீட்டுக்காரர் "ஆளுதான், சந்தேகமே இல்ல" என்று சத்தியம் பண்ண, நீ துணிக்கு மேலே தலையை நீட்டி வாயில் முழு வாழைப்பழம் இருப்பதைக் காட்டினாய். அந்த வீட்டுப் பிள்ளைகள் அடங்க அரை மணி நேரம் ஆனது.

இதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான். இனிமேல் சொல்லப்போவதுதான் கஷ்டம்.

சின்னமனூரில் அரிசி ஆலைக்காரர் வீடு உனக்கு நினைவிருக்கும். அவர் அம்மா எண்பதை நெருங்கியவர், சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "இது ஆளு. இது பொட்டி. இது பொட்டி. இது ஆளு." ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. பெட்டியை முன்னால் இழுத்தேன். அடியில் ரப்பர் வைத்து முகத்தை மேலே தூக்கினேன். வயரை மாற்றினேன். மறுபடியும் அந்தக் கிழவி சரியாகச் சொன்னார். பெட்டியையே மாற்றி வேறு பெட்டி கொண்டு வந்தேன். அதற்கும் அதே கதை. மூன்றாவது பெட்டியைக் கொண்டு வந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது.

"இப்ப வர்ற சரக்கு எல்லாம் தகர டப்பா" என்று நான் தேனி ஏஜென்ஸிக்காரரைப் போனில் வைதேன். நீ துணிக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து, "தொண்டை கட்டியிருக்கு மச்சான், பனங்கல்கண்டு வாங்கணும்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் வந்துவிட்டது என்று ஒரு கிழவி நான்கு தடவை சொல்லியும், மாறியது அசல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பரீட்சையையே அசலை நம்பித்தான் நடத்திக்கொண்டிருந்தோம். கேட்கிறவர் எவராயிருந்தாலும் பழி பெட்டிமேல்தான் விழும். அதற்காகத்தானே பெட்டியைக் கொண்டுபோகிறோம்.

கடைசியில் உன் மனைவி ஆரோக்கியம்தான் கடைக்கு வந்து நின்றது. "அண்ணே, பொட்டிய மாத்துனது போதும். அவுகளக் கூட்டிப்போய்க் காட்டுங்க" என்றது. காட்டினோம். குரல்வளையில் கட்டி. மதுரையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து அதை நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கழுத்தில் துளையோடு, அதற்கு மேல் ஆரோக்கியம் தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணியோடு, நீ ஒரே ஒரு தடவை என்னோடு வேலைக்கு வந்தாய். கம்பத்தில் ஒரு வாத்தியார் வீடு. துணிக்குப் பின்னால் உட்கார ஆளில்லாததால் பெட்டியை மட்டும் பேசவிட்டேன். நீ சோபாவில் உட்கார்ந்து உன் குரலை நீயே கேட்டாய். கேட்டு முடித்து, பங்குக் கோயில் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினாய்: "இவன் நல்லா இருக்கான்ல?" நான் தலையாட்டினேன். அந்தத் தாள் இன்னமும் என் பர்ஸில் இருக்கிறது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் அந்தப் பரீட்சையை விடவில்லை, பாதியாக்கிக்கொண்டேன். துணியைக் கட்டி, பெட்டியைப் பேசவிட்டு, நானே கேட்பேன். அசல் எப்படி இருக்கும் என்று என் காதுக்குத் தெரியும் என்பதுதான் கணக்கு. உன் குரலின் அசல் இனி என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன தை மாதம் மேகமலையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் வேலை. இரண்டு நாளும் சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. வேலை முடிந்து ஜீப்பில் இறங்கி வந்தேன். தென்பழனி அடிவாரம் தாண்டி, வாழைத் தோட்டம் தாண்டி, சின்னமனூர் கடைவீதிக்கு வந்த பிறகும் சில்வண்டு நிற்கவில்லை. ஜீப் டிரைவரிடம், "இங்கனயும் வண்டு வந்துருச்சா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டில் என் மனைவி கூப்பிடுவது கேட்காவிட்டால் மிக்ஸி ஓடுகிறது என்றேன், மழை என்றேன். மழை நின்ற பிறகு ஃபேன் என்றேன். இந்தத் தொழிலில் கண் போனாலும் தடவிப் பிழைத்துக்கொள்ளலாம்; காது போனால் எதை வைத்துப் பிழைப்பது? அதைவிட இன்னொரு பயம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அப்போது தைரியம் இல்லை.

போன மாதம் உத்தமபாளையத்தில் பாத்திமா அம்மாவின் மாடி வீடு. ரிடையரான நர்ஸ். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். "பாட்டெல்லாம் கேக்குது தம்பி, பேசுறதுதான் காத்தோட போயிருது" என்று அதே புகார். பழைய சென்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். துணியைக் கட்டினேன். உன்னைப் போட்டேன்.

நீ போர்வைக்குள்ளிருந்து பேசினாய். 'பஸ்ஸு' மழுங்கியிருந்தது. எச்சில் விழுங்குவது இல்லவே இல்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பொட்டி சரியில்லம்மா, மாத்தித் தர்றேன்" என்று பெட்டியைக் கட்டி எடுத்து வந்தேன். தேனிக்காரரைப் பழையபடி வைதேன். அடுத்த வாரம் வேறு பெட்டி. அதிலும் நீ போர்வைக்குள்தான் இருந்தாய். அதையும் கட்டினேன். கட்டும்போது கை நடுங்கியது. ஏனென்று யோசிக்காமல் டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினேன்.

மூன்றாவது பெட்டி. அட்டையைக் கிழித்ததும் அந்த வாடை வந்தது பார், அப்போதுதான் முதல் தடவையாக அதற்குப் பயந்தேன். மூன்றாவது பெட்டி என்று மனசு சொன்னது. அன்றைக்கு அந்தக் கிழவி வீட்டிலும் மூன்றாவது பெட்டி. நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் வயரைச் சொருகினேன். பாத்திமா அம்மா கதவைத் திறந்துவிட்ட கையோடு அடுப்படிக்குப் போயிருந்தார்கள். துணி தொங்கிக்கொண்டிருந்தது. உன்னைப் போட்டேன். மழுக்கம். சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டேன். மழுக்கம். சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தேன், நடுவுக்கு வந்தேன். நாலைந்து தடவை உன்னை உத்தமபாளையம் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வைத்தேன்.

பாத்திமா அம்மா தட்டோடு வந்தார்கள். தட்டில் இரண்டு டீ.

"பின்னால உக்காந்திருக்குறாகளே, அவுகளையும் வரச் சொல்லுங்க தம்பி. எம்புட்டு நேரம் சம்மணம் போட்டுச் சொன்னதையே சொல்லிக்கிட்டு இருப்பாக? பாவம், தொண்டை காஞ்சு எச்சி முழுங்குறாக."

மாப்ள, நம் பரீட்சையில் எந்தப் பெட்டிக்கும் இப்படி ஒரு மார்க்கு விழுந்ததில்லை. வாழைப்பழ வீட்டில்கூட விழவில்லை. துணிக்குப் பின்னால் நீ இருக்கிறாய் என்று நம்பி ஒரு பெண் உனக்கு டீ போட்டுக் கொண்டு வந்திருக்கிறாள். நீ இருந்திருந்தால் குதித்திருப்பாய். எனக்கு விளங்கியது வேறு. அந்த அம்மாவுக்குக் கேட்ட எச்சில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் போன இரண்டு பெட்டியிலும் ஒரு குறையும் இல்லை. குறை சோபாவில் உட்கார்ந்திருந்தது.

"அவுக கீழ போயிட்டாகம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

துணியை அவிழ்த்துக்கூட மடிக்காமல் பையில் திணித்துக்கொண்டு நேராக உன் வீட்டுக்கு வண்டியை விட்டேன். என் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகத் தோன்றவில்லை. ஆரோக்கியம் தோட்டத்தில் கொடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தது. பந்தல் மொட்டையாக இருந்தது. நீ மைக் முன்னால் நின்ற அதே இடத்தில் நின்று சொன்னேன்.

"தங்கச்சி, எனக்குக் காது போகுது. நாலு மாசமாப் போகுது. நான் பொட்டியக் குத்தம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். அவன் விசயத்துலயும் இதத்தான் செஞ்சேன். ரெண்டு மாசத்த நான்தான் தின்னேன்."

ஆரோக்கியம் கவாத்துக் கத்தரியைக் கீழே வைத்தது. திட்டும் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "மணி என்னண்ணே?" என்று கேட்டது. பதினொன்று என்றேன். "வண்டிய இங்கனயே போடுங்க. தேனிக்குப் போவோம். இப்பவே. சாப்புடக்கூட வேணாம்." நாளைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தேன். "நாளைக்குங்குற பேச்சே இந்த வீட்ல கெடையாது" என்றது. நான் வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டினேன்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தோம். ஆரோக்கியம் என் இடது காதுப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. வீரபாண்டி தாண்டும்போது மெல்லச் சொன்னது.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். மனசுல வச்சுக்கிட்டே இருக்க முடியல. அவுகளுக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"தொண்டையில என்னமோ இருக்குன்னு. அந்தக் கிழவி வீட்டுக்கு நீங்க போறதுக்கு முன்னாடியே, சோத்துல தண்ணிய ஊத்திக் கரைச்சுத்தான் முழுங்குனாக. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. நீங்க பொட்டிய மாத்தி மாத்தி வச்சீகளே, வீட்டுக்கு வந்து சிரிச்சாக. 'மச்சான் பொட்டியத்தான் சந்தேகப்படுறான். இன்னுங்கொஞ்ச நாளு ஓடும்'னாக."

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இரண்டு வருடமாக உன்மேல் வராத கோபம். 'பொட்டி பொய் சொல்லாது' என்று வீடு வீடாகச் சொன்னவன் நீ. துணிக்குப் பின்னால் இருந்துகொண்டு நீ பொய் சொல்லியிருக்கிறாய். நான் மாற்றிய ஒவ்வொரு பெட்டியும் உனக்குப் பதுங்கிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. தேனி வருகிற வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது கோபம் பாதியாகிவிட்டது. நாலு மாதமாக மிக்ஸியையும் மழையையும் ஃபேனையும் குற்றம் சொன்னவன் யார்? நீ பயந்திருக்கிறாய். உன் சிரிப்பைப் பார்த்து உனக்குப் பயமே இல்லை என்று நினைத்தேன். நான் டேப்பை இழுத்து ஒட்டும்போது என் கை நடுங்கியதே, அந்த நடுக்கம்தான் உன் சிரிப்பும். உன்னைத் தனியாகப் பயப்பட விட்டுவிட்டேன் என்பதுதான் இப்போது எனக்குப் பெரிய வருத்தம்.

காது பரிசோதிக்கிற அறை, அறையே இல்லை, ஒரு பெட்டி. ஓர் ஆள் உட்காரலாம். சுவரெல்லாம் பஞ்சு. கனத்த கதவை மூடினார்கள். பசையும் பஞ்சுமாக அதே புது ஸ்பீக்கர் வாடை. இத்தனை வருடம் எத்தனையோ பெட்டியைத் திறந்து பார்த்தவனை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள் என்று தோன்றியதும் வேர்த்துக் கொட்டியது. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குமிழைத் திருகினாள். முதலில் அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்தினேன். அப்புறம் அவள் கை திருகிக்கொண்டே இருந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். மேலும் திருகினாள். என் விரல் பொத்தான்மேல் அப்படியே கிடந்தது. பொய்யாக ஒரு தடவை அழுத்திவிடலாமா என்று நினைத்தேன், மாப்ள. நிஜமாக நினைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆரோக்கியம் நின்றுகொண்டிருந்தது. அதனால் அழுத்தவில்லை.

வலது காதில் கீச்சென்ற மேல் சத்தமெல்லாம் போய்விட்டது. இடதிலும் ஆரம்பித்திருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், இப்போதாவது வந்தீர்களே என்றார் டாக்டர். காதுக்கு மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்றார். அப்போதுதான் நான் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பயம் முழுசாக எழுந்து நின்றது. உன் குரலின் அசல் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மெஷின் வழியாகக் கேட்கக் கேட்க மெஷின் குரல்தான் உன் குரல் என்று ஆகிவிட்டால்? அப்புறம் எதை வைத்து மார்க்குப் போடுவேன்? நீ இன்னொரு தடவை சாவது போலிருந்தது.

சோதனைக்காக ஒரு மெஷினைக் காதில் மாட்டினாள் அந்தப் பெண். முதலில் வந்தது அவள் வளையல். பிறகு ஃபேன். பிறகு ஆரோக்கியத்தின் சேலை உரசுவது. இவ்வளவு நாள் இவையெல்லாம் எங்கே போயிருந்தன என்று கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து உன் பதிவைத் தேடி வைத்தேன். அழுத்தக் கை வரவில்லை. நீ போனதிலிருந்து ஆரோக்கியம் இதைக் கேட்டதில்லை. வீட்டில் போட வேண்டாம் என்று என்னிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது கையை நீட்டியது.

"குடுங்கண்ணே. நானே போடுறேன்."

"உத்தமபாளையம் போற பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்கிது."

'ஸ்ஸு' தகரத்தில் ஆணி இழுத்தது போல் வந்தது. நெஞ்சுக் கனம் இல்லை. ஆனால் அடுத்த வரிக்கு முன்னால் நீ எச்சில் விழுங்கியது கேட்டது. தெளிவாகக் கேட்டது. இத்தனை நாள் அதைப் பெட்டியின் தரம் என்று மட்டுமே கேட்டிருந்தேன். பந்தலுக்குக் கீழே அன்றைக்கே உனக்கு விழுங்கக் கஷ்டமாக இருந்ததா? தெரியவில்லை. இனித் தெரியவும் போவதில்லை. ஆரோக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது. முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டது.

"சொல்லுங்கண்ணே. ஆளா, பொட்டியா?"

அதன் முகத்தைப் பார்த்தால் ஆளு என்று சொல்லிவிடத்தான் தோன்றியது.

"பொட்டிதான் தங்கச்சி" என்றேன்.

தலையை ஆட்டியது. மறுபடியும் அழுத்தியது.

இப்போது மெஷின் என் காதில்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பிய இரண்டு பெட்டிக்காகவும் தேனிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பாத்திமா அம்மா வீட்டில் அந்த மூன்றாவது பெட்டியே இருக்கிறது. "அன்னைக்கு வந்தவரு நல்லா இருக்காகளா?" என்று போனில் விசாரித்தார்கள். நல்லா இருக்காக என்றேன். வாத்தியார் வீட்டில் நீயே எழுதிக் கொடுத்ததுதானே. இனி எந்த வீட்டில் துணியைக் கட்டினாலும் வீட்டுக்காரர்களைத்தான் கேட்க வைக்கப்போகிறேன். அவர்கள் ஒன்று சொல்லி எனக்கு வேறு மாதிரிக் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது என்னை. பயம் போகவில்லை. மெஷினைக் கழற்றினால் சில்வண்டு, மாட்டினால் அந்தத் தகரச் சீற்றம். இடது காது எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆனால் இப்போது நான் பயப்படுவது ஆரோக்கியத்துக்குத் தெரியும், என் வீட்டில் தெரியும். நீ செய்யாததை நான் செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

மூடி வைத்த பெட்டியை இனித் திறக்க வேண்டும். வயரைச் சொருகி உன்னைத்தான் போட வேண்டும். சீக்கிரம் வந்து சேருங்க, சீட்டு இருக்கு என்பாய். முன்பெல்லாம் அதைக் கேட்டுச் சிரிப்பேன், இப்போது நீ அங்கிருந்து என்னைக் கூப்பிடுவது போல முதுகு சிலிர்க்கிறது. சீட்டில் துண்டைப் போட்டு வை மாப்ள. நான் இந்த பஸ்ஸுக்கு வரவில்லை.